வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம்

அறையில் இருந்தவர்கள்:
டாக்டர். சிறுநீரகத்தில் வரும் கேன்சரை ஒரு துளி ரத்தத்தில் கண்டுபிடிக்க ஆறு வருடமாக வேலை செய்பவர்.
அவர் கணவர். பேக்கரி வைத்திருப்பவர். அதே கேன்சருக்காக ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள்.
கணவரின் தம்பி. டாக்டரின் ஆய்வுக்குப் புள்ளியியல் பார்ப்பவர். வீட்டில் கூப்பிடும் பேர் 'கணக்கு'.

— கட்டுரையில இருந்து என் பேரை எடுத்துடுங்க, அண்ணி.

— எட்டு பேர் பேரு போட்டிருக்கு, தம்பி. உன்னுது மூணாவது. எடுத்தா ஏன்னு கேப்பாங்க.

— கேக்கட்டும்.

— இன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்பியாகணும்னு தெரியும்ல?

— தெரியும். அதான் போன்ல சொல்லாம நேர்ல வந்தேன்.

— டேய் கணக்கு, வந்ததும் வராததுமா என்னடா இது? உக்காரு முதல்ல. இந்தா, ரஸ்க் எடுத்துக்கோ.

— என்னங்க! அந்த டப்பா எங்க இருந்து வந்துச்சு?

— உன் மேசை இழுப்பறையில இருந்துதான், டாக்டரம்மா.

— அது விருந்தாளிங்களுக்கு வச்சிருக்கேன்.

— பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக வந்து அரை மணி நேரமா இந்த ஃப்ரீசர் உறுமறதைக் கேட்டுட்டு உக்காந்திருக்கறவன் விருந்தாளி இல்லையா?

— அதுல உப்பு இருக்கு, வெண்ணெய் இருக்கு. உங்களுக்கு மிச்சம் இருக்கறது ஒரே ஒரு கிட்னி. வைங்க கீழ.

— பாருடா. இருபது வருஷமா ரஸ்க் சுடறவனுக்கு ரஸ்க்ல என்ன இருக்குன்னு பாடம் எடுக்கறா. கடைக்கு மேலயே வீடு. ஓவன் வாசனையிலதான் தூங்கறேன், ஓவன் வாசனையிலதான் முழிக்கறேன். வாயில வைக்கத்தான் அனுமதி இல்ல.

— சட்டையில தூள் ஒட்டியிருக்கு. எத்தனை தின்னீங்க?

— முகர்ந்து மட்டும் பாத்தேன்.

— அண்ணா, டப்பாவை மூடு. அண்ணி, நான் மொதல்ல இருந்து சொல்லட்டுமா?

— சொல்லு.

— இருடா. எனக்கும் புரியற மாதிரி சொல்லு. நாளைக்குக் காலையில ஸ்கேனுக்குப் போகப்போறவன் நான்தான்.

— நாளைக்கா? உனக்கு அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே.

— அதைத்தான் நானும் கேட்டேன். 'சும்மா ஒரு தடவை பாத்துடலாம்'ங்கறா. சும்மாவா? போன தடவை ஸ்கேன் படம் தெளிவா விழணும்னு அந்த மருந்தை நரம்புல ஏத்தினதும் என்ன ஆச்சுன்னு நீயே பாத்தேல்ல? இருக்கற ஒத்தைக் கிட்னியும் வேலைநிறுத்தத்துல உக்காந்துடுச்சு.

— டயாலிசிஸ் வரைக்கும் போச்சு. ஞாபகம் இருக்கு.

— இன்னொரு தடவை ஏத்தினா அது எழுந்திருக்குமான்னு டயாலிசிஸ் பண்ணின டாக்டரே கையை விரிச்சார். அதனால நீங்க ரெண்டு பேரும் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. இவ டெஸ்ட் சரின்னா ஸ்கேனும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், கொஞ்சம் ரத்தம் குடுத்தாப் போதும். ஆறு வருஷமா இவ அதைத்தான் சொல்லிட்டிருக்கா.

— அது சரியில்லன்னு சொல்லத்தான் வந்திருக்கேன், அண்ணா.

— எது?

— அண்ணியோட டெஸ்ட்.

— என்னடா சொல்றே? டாக்டரம்மா, நீயாவது இவனைத் திட்டு.

— திட்டறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன். தம்பி, இந்தப் படம் நீ போட்டதுதானே? இந்தப் பக்கம் நோயாளிங்க நூத்தி இருபது பேர். அந்தப் பக்கம் நல்லா இருக்கறவங்க நூத்தி இருபது பேர். நடுவுல நாப்பதுல ஒரு கோடு. அந்தப் புரதம் நோயாளிங்களுக்குக் கோட்டுக்கு மேல இருக்கு, மத்தவங்களுக்குக் கீழ இருக்கு. ரெண்டு பக்கமும் சேத்து அஞ்சாறு பேர்தான் இடம் மாறிக் கிடக்காங்க. போன மாசம் இதைப் பாத்துட்டு என்ன சொன்னே?

— அழகா இருக்குன்னு சொன்னேன்.

— இப்ப என்ன ஆச்சு?

— ரொம்ப அழகா இருக்கு. அதான் தூக்கம் வரலை.

— இவனுக்கு நல்லது நடந்தாலே ஆகாது. பள்ளிக்கூடத்துல ஒரு தடவை நூத்துக்கு நூறு வாங்கிட்டு, வாத்தியார்கிட்டயே போய் 'எங்கயோ தப்பாக் கூட்டிட்டீங்க சார்'னு நின்னவன்.

— தப்பாத்தான் கூட்டியிருந்தார். தொண்ணூத்தாறு.

— கேட்டியா? நாலு மார்க் போனதுல அன்னிக்கு அப்படி ஒரு சந்தோஷம் இவனுக்கு.

— என்னங்க, அவனைப் பேச விடுங்க. மேல சொல்லு, தம்பி.

— கட்டியோட அளவையும் உங்க எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். கட்டி பெருசா இருந்தா அந்தப் புரதமும் அதிகமா இருக்கணும்ல?

— இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இருந்தா மனசுக்கு நல்லா இருக்கும்.

— ஒரு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. திராட்சை அளவு கட்டி வச்சிருந்த ஒருத்தருக்குத் தொண்ணூத்தஞ்சு. ஆரஞ்சுப் பழம் அளவு வச்சிருந்த இன்னொருத்தருக்கு அம்பத்திரெண்டு.

— எனக்கு எவ்வளவுடா இருந்துச்சு?

— எலுமிச்சம்பழம், அண்ணா.

— அவ்வளவுதானா? ஆபரேஷன் பில்லைப் பாத்துட்டுப் பூசணிக்காய்னு நினைச்சேன்.

— கட்டி இல்லன்னா வேற எதோட ஒட்டுதுன்னு தேடினேன், அண்ணி. வயசு இல்ல. எடை இல்ல. ஆணா பெண்ணாங்கறது இல்ல. சிகரெட் இல்ல. கடைசியில ஒண்ணு மாட்டிச்சு. தியேட்டர் வரிசை.

— என்ன வரிசை?

— அன்னிக்கு ஆபரேஷனுக்கு யாரு மொத ஆளு, யாரு கடைசி ஆளு. மொத ஆளுங்களுக்கெல்லாம் எண் கோட்டுக்குக் கொஞ்சம் மேல. மத்தியானம் போனவங்களுக்கு அதுக்கும் மேல. சாயங்காலம் வரைக்கும் காத்துக் கிடந்தவங்களுக்கு எகிறிப் போகுது. காத்துக் கிடந்தா கேன்சர் கூடுமா?

— ஒரு நாள்லயா? கூடாது.

— ரத்தம் எப்ப எடுக்கறீங்க?

— தியேட்டர் வாசல்ல. கையில ஊசி ஏத்தற நேரத்துலயே ஒரு ட்யூப் எடுத்துப்போம். இன்னொரு தடவை குத்த வேண்டாமேன்னு.

— நல்ல எண்ணம்தான். அந்த நேரத்துல அவங்க எப்படி இருப்பாங்க?

— பயந்துபோய் இருப்பாங்க.

— சரி. வேற?

— நான் சொல்றேன்டா. நான்தானே அந்த வாசல்ல கிடந்தவன். பசியில செத்துட்டு இருப்பாங்க. முந்தின நாள் ராத்திரியே வாயைக் கட்டிட்டாங்க. மறுநாள் மூணு மணிக்குத்தான் உள்ள தள்ளிட்டுப் போனாங்க. பக்கத்துக் கட்டில்காரனோட பொண்டாட்டி ஜன்னலைப் பாத்துத் திரும்பி உக்காந்து ஒரு பன்னைத் தின்னுட்டு இருந்தா. சுமாராச் சுட்ட பன்தான். ஆனா, என் கட்டி இருந்துட்டுப் போகட்டும், அந்தப் பன்னைக் குடும்மான்னு கேக்கற நிலைமையில இருந்தேன்.

— அதேதான் அண்ணா.

— எதேதான்?

— பசி. அண்ணி, நல்லா இருக்கறவங்களோட ரத்தம் எங்க எடுத்தீங்க?

— கீழ ரத்ததானப் பிரிவுல. தானம் குடுக்க வர்றவங்ககிட்ட ஒரு ட்யூப் கூடுதலா வாங்கிக்கிட்டோம்.

— சாப்பிடாம வந்தா அங்க எடுப்பாங்களா?

— எடுக்க மாட்டாங்க. மயக்கம் போட்டுடுவாங்கன்னு... சாப்பிட்டுட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிடுவாங்க.

— சொல்லி முடிங்க, அண்ணி.

— எல்லாரும் சாப்பிட்டவங்க.

— அப்ப இந்தப் படத்துல இந்தப் பக்கம் நூத்தி இருபது காலி வயிறு. அந்தப் பக்கம் நூத்தி இருபது நிறைஞ்ச வயிறு. நடுவுல நாம கோடு போட்டு அதுக்குக் கேன்சர்னு பேர் வச்சிருக்கோம்.

— இது உன் ஊகம். பசியில அந்தப் புரதம் ஏறும்னு எங்கயும் யாரும் காட்டலை.

— போன வாரம் வரைக்கும் ஊகம்தான். அப்புறம் எங்க ஆபீஸ்ல பன்னிரண்டு பேரைப் பட்டினி போட்டேன்.

— என்ன பண்ணினே?

— முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டோட நிறுத்திக்கச் சொன்னேன். காலையில ஒரு ட்யூப் ரத்தம். அப்புறம் என் செலவுல எல்லாருக்கும் சாப்பாடு. ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு ட்யூப்.

— என்ன சாப்பாடுடா?

— உன் கடை பிரெட்தான், அண்ணா. முட்டையோட.

— அதான் அன்னிக்கு இருபத்திநாலு பிரெட் வாங்கினியா! கல்யாணம் முடிவாயிடுச்சோன்னு நினைச்சுட்டேன்.

— அந்த ட்யூபையெல்லாம் எங்க டெஸ்ட் ஓட்டினே, தம்பி?

— இங்கதான். உங்க லேப் பொண்ணுகிட்ட குடுத்தேன்.

— என் லேப்ல, எனக்குத் தெரியாம?

— நம்பர் மட்டும் ஒட்டிக் குடுத்தேன். எது பசி, எது சாப்பாடுன்னு அவளுக்கும் தெரியாது. அவமேல கோவப்படாதீங்க. உங்களுக்குச் சொல்லியிருந்தா நீங்க எண்ணுக்காகக் காத்துட்டு இருந்திருப்பீங்க. காத்துட்டு இருக்கறவங்க பக்கத்துல நின்னா எண்ணு வளையும்.

— எண்ணு எப்படிடா வளையும்?

— ஒரு ட்யூப் பிடிக்கலன்னா இன்னொரு தடவை ஓட்டிப் பாப்போம் அண்ணா. பிடிச்சிருந்தா விட்டுடுவோம். அப்படித்தான் வளையும்.

— என்ன வந்துச்சு?

— வெறும் வயித்துல பன்னிரண்டு பேரும் கோட்டுக்கு மேல. சாப்பிட்டப்புறம் பன்னிரண்டு பேரும் கீழ. அந்தப் பன்னிரண்டுல நானும் ஒருத்தன். உங்க டெஸ்ட் படி காலையில எனக்குக் கேன்சர். ரெண்டு முட்டை, நாலு பிரெட் தின்னேன், குணமாயிட்டேன்.

— ஹா! டேய், இதைப் போர்டு எழுதி என் கடை வாசல்ல மாட்டவா?

— சிரிக்காதீங்க. தம்பி, ஒருத்தருக்குக்கூடத் தப்பலையா?

— ஒருத்தருக்குக்கூட.

— நிச்சயமா?

— நிச்சயம். இதை அனுப்பினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. எட்டு பேர் கையெழுத்துப் பாத்து நாலு ஆஸ்பத்திரி இதை வாங்கும். சாப்பிட்டுட்டு வர்றவனுக்கு 'உனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ'ன்னு சொல்லுவோம். பசியோட வர்றவன் வயித்தைக் கிழிப்போம்.

— ரொம்ப நிச்சயமா?

— மூணாவது தடவை கேக்கறீங்க, அண்ணி.

— ம். ...என்னங்க, நீங்க போய் வண்டியை வாசல் பக்கம் கொண்டு வாங்க. நாங்க இதை முடிச்சுட்டு வர்றோம்.

— இப்பதானே சுவாரசியமாப் போகுது. அப்ப என் ஸ்கேன்?

— அதையும் சேத்துத்தான் முடிக்கறோம். இந்தாங்க, என் அட்டை. இது இல்லாமப் போயிட்டு அப்புறம் கதவைத் தட்டாதீங்க. உள்ள இருந்து திறந்து போகலாம், சாத்தினதும் பூட்டிக்கும். அட்டை காட்டினாத்தான் மறுபடி திறக்கும்.

— தெரியும் தெரியும். போன தடவை வெளிய நின்னு கொசுவுக்கு ரத்ததானம் பண்ணினேன். அதுவும் சாப்பிட்டுட்டுத்தான்.

— ரஸ்க்கைக் கீழ வச்சுட்டுப் போங்க!

— முதுகுலயும் கண்ணு வச்சிருக்கா. போயிட்டு வர்றேன்டா.

— அண்ணா போயிட்டானா?

— போயிட்டார்.

— அண்ணி, நீங்க சண்டை போடுவீங்கன்னு நினைச்சு ரெண்டு நாளா பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். ஒண்ணையும் கேக்கவே இல்ல. ஆறு வருஷ வேலை.

— ஒரு ட்யூப் பத்திக் கேக்கணும்.

— எந்த ட்யூப்?

— உன் நூத்தி இருபதுல வராதது. மூணு வாரம் முன்னாடி நான் வீட்டுல எடுத்தது. அறுபத்தெட்டு.

— யாருது?

— யாருதா இருக்கும்?

— ...அண்ணாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. ரத்தத்துல உப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்கறேன்னு சொன்னேன். 'பாத்துட்டு வெண்ணெய்க்கு அனுமதி குடு'ன்னார்.

— ஏன் எடுத்தீங்க? அண்ணா உங்க ஆய்வுல இல்லையே. எடுக்கக்கூடாதே.

— கூடாதுதான். டெஸ்ட் நல்லா வேலை செய்யுதுன்னு நீ படம் போட்டு அனுப்பின மறுநாள். உலகத்துக்கே ஒரு வழி கண்டுபிடிச்சாச்சு, வீட்டுல இருக்கறவருக்கு மட்டும் எதுக்குப் பாக்காம விடணும்னு தோணிச்சு. கோட்டுக்குக் கீழதான் இருக்கும், கட்டுரையை அனுப்பின அன்னிக்கு அவருக்குக் காட்டலாம்னு நினைச்சேன்.

— அறுபத்தெட்டு.

— நீ சொன்ன மாதிரியே, பிடிக்காததால இன்னொரு தடவை ஓட்டினேன். அறுபத்தேழு. கேன்சர் திரும்பி வந்தாச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அதான் ஸ்கேன். மூணு வாரமா அவர் பக்கத்துல படுத்துக்கிட்டு மேல மின்விசிறி சுத்தறதை எண்ணிட்டு இருக்கேன்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருந்தா நீ யாருக்காகன்னு தெரிஞ்சு பாத்திருப்பே. நீதானே சொல்றே, பக்கத்துல நின்னா வளையும்னு. இப்ப தெரியாமப் பாத்துச் சொல்லியிருக்கே. அதனாலதான் நம்பறேன்.

— ஒருத்தரை வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன், அண்ணி. கூட்டத்தைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். ஒரு ஆளைப் பத்தி எண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.

— அது டாக்டர் வேலை. நான் சொல்லிக்கறேன். நீ உன் பன்னிரண்டு பேரைப் பத்தி மட்டும் சொல்லு. வெறும் வயித்துல அவங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?

— அம்பது, அம்பத்தஞ்சு. ஒரு பையனுக்கு எழுபது.

— எழுபதா? கட்டி கிட்டி எதுவும் இல்லாம?

— இருபத்தஞ்சு வயசு. தினமும் ஓடறவன்.

— எத்தனை மணி நேரம் சாப்பிடாம இருந்தாங்க?

— பன்னிரண்டு. அண்ணா அன்னிக்கு?

— முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்கே சாப்பாடு முடிஞ்சுது. காலையில எட்டு மணிக்கு எடுத்தேன்.

— நடுவுல எதுவும் சாப்பிடலைன்னு எப்படித் தெரியும்?

— ஞாயித்துக்கிழமைடா. கடை லீவு. வாரத்துல அந்த ஒரு நாள்தான் அவர் எட்டு மணி வரைக்கும் தூங்குவார். போர்வையை விலக்கி எழுப்பி, கட்டில்லயே கையை நீட்டச் சொன்னேன். முகம்கூடக் கழுவலை.

— அப்ப பதிமூணு மணி நேரம்.

— பதிமூணு மணி நேரம். பொருந்துதா?

— பொருந்துது.

— நீ சொல்றதைப் பாத்தா எவனுக்கு எடுத்தாலும் அந்த நேரத்துல அறுபது, எழுபதுதான் வரும்.

— வரலாம்.

— 'வரலாம்'. உன் வாயில இருந்து ஒரு 'வரும்' வாங்கறதுக்குள்ள மனுஷிக்கு உயிர் போயிடும். சரி, ஒண்ணு கேக்கறேன். கட்டியால இது ஏறவே ஏறாதா?

— அது யாருக்கும் தெரியாது. பசி எல்லாத்தையும் மூடிடுச்சு. நோயாளி யாரையும் நாம சாப்பிட வச்சு ரத்தம் எடுக்கலையே. ஒருத்தர் வயிறு நிறைய சாப்பிட்டிருந்தும் எண் கோட்டுக்கு மேலயே நின்னா, அப்ப அது பசி இல்ல. அப்படி ஒருத்தரைத்தான் நாம இதுவரைக்கும் பாக்கவே இல்ல.

— பாக்கணும்னா அவரையே நாளைக்குச் சாப்பிட வச்சு எடுத்துடலாம்.

— எடுக்கலாமே.

— எதுல ஓட்டறது? டெஸ்ட் ஓட்டற கடைசித் தட்டை உன் ஆபீஸ் பசங்களுக்குத் தீத்துட்டியே. புதுசு வர ரெண்டு மாசம். அதுவும் இந்தக் கட்டுரை போனாத்தான் பணம் குடுப்பாங்க. கட்டுரை போகப்போறதில்ல.

— அனுப்பலையா?

— இல்ல. எட்டு பேருக்கும் நாளைக்குக் காலையில நானே சொல்றேன். உன் பேரை இழுக்க மாட்டேன்.

— இழுங்க. எனக்கென்ன.

— உனக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க, தம்பி. தெரியும்ல? புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சவனுக்கு மேடை போடுவாங்க. இல்லன்னு கண்டுபிடிச்சவனுக்கு நாற்காலிகூட நகத்திப் போட மாட்டாங்க.

— எங்க வேலையே அதுதான். ஸ்கேனை என்ன பண்ணப்போறீங்க?

— நீ என்ன சொல்றே?

— மாட்டேன்.

— சொல்ல மாட்டே. நான் சொல்றேன். அந்த மருந்து நிச்சயமா கெடுதல் பண்ணும், போன தடவை கண்ணால பாத்தாச்சு. எதுக்காக ஏத்தணும்? பசிச்சிருந்த ஒரு மனுஷனுக்குப் பசின்னு காட்டின எண்ணுக்காகவா? நாலு மாசம் கழிச்சு அவர் முறை வரும். அதுக்குள்ள கிட்னியும் தேறியிருக்கும். அப்ப பாத்துக்கலாம்.

— நாலு மாசம்.

— ஏன் இழுக்கறே? வெறும் வயிறு, பதிமூணு மணி நேரம், அறுபத்தெட்டு. இதுல எது இடிக்குது?

— எதுவும் இடிக்கலை.

— அப்புறம்?

— ரொம்ப அழகா இருக்கு. அதான்.

— போடா. நூத்துக்கு நூறு குடுத்தாலும் அழற ஜென்மம். நீ 'சரியில்ல'ன்னு சொன்னப்ப எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? ஆறு வருஷம் போச்சேன்னு தோணலை. இன்னிக்குத் தூங்கலாம்னு தோணிச்சு.

— கதவு திறக்குது. வர்றான்.

— முகத்தைச் சரி பண்ணு.

— நீங்கதான் அழறீங்க, அண்ணி.

— வண்டி வாசல்ல நிக்குது, டாக்டரம்மா. பஞ்சாயத்து முடிஞ்சுதா? யாருக்கு யார் அபராதம்?

— உங்களுக்கு விடுதலை. நாளைக்கு ஸ்கேன் இல்ல.

— என்னது?

— ரத்து பண்ணப்போறேன். நாலு மாசம் கழிச்சுப் போதும்.

— இவன் வந்து டெஸ்ட் தப்புன்னு சொன்னான், எனக்கு ஸ்கேன் இல்லாமப் போச்சா? டெஸ்ட் சரின்னாத்தானே ஸ்கேன் வேண்டாம்? கணக்கு, இது என்னடா கணக்கு?

— புரியலன்னா விடுங்க. நான் கீழ போறேன். இந்த ரூம்ல சிக்னல் கிடைக்காது. ஸ்கேன் பாக்கறவர் கிளம்பறதுக்குள்ள போன் பண்ணிச் சொல்லிட்டு வண்டியில உக்காந்திருக்கேன். விளக்கை அணைச்சுட்டு வாங்க. அட்டை உங்ககிட்டயே இருக்கட்டும்.

— சரி மகாராணி.

— அப்புறம், ஒரு ரஸ்க் எடுத்துக்கோங்க. இன்னிக்கு மட்டும்.

— ...டேய். நீ கேட்டியா? அவளே எடுத்துக்கச் சொல்லிட்டுப் போறா. சிரிச்சுக்கிட்டே போறா. என்ன மந்திரம்டா போட்டே?

— நான் ஒண்ணும் போடலை அண்ணா. நீ அன்னிக்குப் பசியோட இருந்தே. அதுதான் நல்ல சேதி.

— என்னிக்கு?

— மூணு வாரம் முன்னாடி. ஞாயித்துக்கிழமை காலையில அண்ணி உன்னை எழுப்பி, கட்டில்லயே ரத்தம் எடுத்தாங்களே.

— ஓ, அந்த உப்பு டெஸ்டா? இரு. அவ வெளிய போயிட்டாளா?

— போயிட்டாங்க. கதவு சாத்திப் பூட்டிக்கிட்ட சத்தம் கேட்டுச்சே.

— அப்ப சொல்றேன். உன்னோட இருக்கட்டும், அவ காதுக்குப் போச்சுன்னா எனக்கு ஆயுசுக்கும் ரஸ்க் கிடையாது. புது ஓவன் வந்துச்சுல்ல? லீவு நாள்ல சூடேத்திப் பாக்கலாம்னு அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே கீழ இறங்கிட்டேன். மொத ஈடு பன். கை பொறுக்காத சூடு, வெண்ணெய் வச்சா வச்ச இடத்துலயே உருகுது. ஆறு மணிக்கெல்லாம் நாலு உள்ள போயாச்சு. அப்புறம் பூனை மாதிரி மேல வந்து அவ பக்கத்துல படுத்துக்கிட்டேன். எட்டு மணிக்கு அவ ஊசியோட எழுப்பினப்ப, வாயைத் திறந்தா வெண்ணெய் வாசனை காட்டிக் குடுத்துடும்னு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, தூங்கி எழுந்தவன் மாதிரியே கையை மட்டும் நீட்டினேன்.